கைக்கடி: கத்தரிக்காயில் பழி போடலாமா?

"டொக்டர், ஒரு வருஷமாகக் கத்தரிக்காய், இறால், நண்டு ஒன்றும் தொடுவதில்லை. ஆனாலும் கைக்கடி நிற்கவில்லை" என்று ஒரு அம்மா வந்தார். விரல் இடுக்குகளிலும் மோதிரத்தின் அடியிலும் தோல் காய்ந்து, வெடித்து, கறுத்திருந்தது. அவர் அலுவலகங்களைத் துப்புரவு செய்பவர். காரணம் கிரந்திச் சாப்பாடு அல்ல, தண்ணீரும் சவர்க்காரமும்தான்.

வெளியிலிருந்து பட்ட பொருளால் வரும் தோல் அழற்சி இரண்டு வகைப்படும்.

1. உறுத்தலால் வருவது

அடிக்கடி நனைவதும், சவர்க்காரம், பாத்திரம் கழுவும் திரவம், பிளீச் என்பனவும் தோலின் மேற்படையிலுள்ள எண்ணெய்த்தன்மையைக் கரைத்துவிடுகின்றன. போதிய அளவு பட்டால் எவருக்கும் வரும். எரிவும் வெடிப்பும் அதிகம்.

2. ஒவ்வாமையால் வருவது

உடலின் நோயெதிர்ப்புச் சக்தி ஒரு பொருளை எதிரியாக நினைவில் வைத்துக்கொள்கிறது. பல வருடம் ஒன்றும் செய்யாத பொருளும் திடீரென ஒத்துக்கொள்ளாமற் போகலாம். பெரும்பாலும் அது பட்டு 1 தொடக்கம் 3 நாட்களின் பின்பே கடி தொடங்கும். அதனால்தான் நேற்றுச் சாப்பிட்ட கறியில் பழி போடுகிறோம்.

(உண்மையான உணவு ஒவ்வாமை வேறு. சாப்பிட்டுச் சில நிமிடங்களில், அல்லது 2 மணித்தியாலத்துக்குள், உடலில் தடிப்பும் உதட்டு வீக்கமும் வரும்.)

எந்த இடத்தில் கடிக்கிறது?

* காதுமடல், தொப்புளுக்குக் கீழே: கவரிங் நகை, காற்சட்டைப் பொத்தான் ஆகியவற்றிலுள்ள நிக்கல்.
* நெற்றி நடு: ஒட்டுப்பொட்டின் பசை. சிலருக்கு அந்த இடம் வெளுத்தும் போகும்.
* நெற்றியோரம், காது, கண்ணிமை: தலைமயிர்ச் சாயத்திலுள்ள பிபிடி என்னும் இரசாயனம். 'கறுப்பு மருதாணி'யிலும் இது இருக்கலாம், பிள்ளைகளுக்குப் போடவேண்டாம்.
* இடதுகைப் பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் நுனிகள்: உள்ளி உரிப்பது.

என்ன செய்யலாம்?

* காரணமான பொருளைத் தவிர்ப்பதே முதல் மருந்து.
* ஈர வேலைக்குக் கையுறை போடுங்கள். உள்ளே பருத்திக் கையுறை நல்லது. மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.
* கை கழுவியவுடன் வாசனையற்ற ஈரப்பதக் கிறீம் பூசுங்கள்.
* தேசிக்காய், உள்ளி, கிருமிநாசினி என்பவற்றைப் புண்ணில் தடவாதீர்கள்.
* ஸ்ரீரொயிட் கிறீமை வைத்தியர் சொன்ன நாட்களுக்கு மட்டும் பூசுங்கள். கடைகளில் விற்கும் சில வெளுப்பாக்கும் கிறீம்களில் பலமான ஸ்ரீரொயிட் கலந்திருப்பதுண்டு. நாட்படப் பூசினால் தோல் மெலிந்துவிடும்.

காரணம் பிடிபடாவிட்டால் முதுகில் ஒட்டுப் பரிசோதனை செய்யலாம். ஒட்டியவற்றை 2 நாட்களில் எடுத்து, மீண்டும் ஏறத்தாழ 4ஆம் நாள் பார்ப்பார்கள். இந்த வகை ஒவ்வாமையை இரத்தப் பரிசோதனை காட்டாது.

முகம் அல்லது கண் வீங்கினால், சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால் அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். மூச்சு முட்டினால் உடனே 999ஐ அழையுங்கள்.

வேலை போய்விடும் என்று பயந்து கையை மறைப்பவர்கள் எம்மவரில் பலர். மறைக்கவேண்டாம். 2002ஆம் ஆண்டின் பிரித்தானிய விதிகளின்படி, வேலையில் பாவிக்கும் இரசாயனங்களிலிருந்து உங்களைப் பாதுகாப்பது முதலாளியின் கடமை. நாட்பட விட்டால் ஆறுவது கடினம். வெளியில் ஆறியதுபோல் தெரிந்தாலும் தோல் பழைய பலத்துக்கு வரப் பல மாதங்கள் எடுக்கும். அதுவரை கையுறையைக் கைவிடாதீர்கள்.

அந்த அம்மாவின் கை இப்போது ஆறிவிட்டது. கத்தரிக்காயும் சாப்பிடுகிறார்.