அக்கரைச் சம்பளமும் இக்கரைக் கடனும்

கடல் கடந்து பிழைக்கச் செல்லும் நம் இளைஞர்களைத் தடுப்பது நமது வேலையல்ல. ஊரிலே உழைப்புக்கேற்ற ஊதியம் கிடைக்காதபோது, துபாய்க்கும் குவைத்துக்கும் புறப்படுகிறவனைப் பார்த்து, "போகாதே" என்று உபதேசம் செய்ய யாருக்கு உரிமை உண்டு? போகட்டும்! எப்படிப் போகிறான் என்பதே நமது கேள்வி.

தாயின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகிறது. தந்தையின் அரைக் காணி ஈடாகிறது. இலட்சம், இரண்டு இலட்சம் என்று ஏஜெண்டின் கையிலே கொட்டுகிறார்கள். இரசீது? கிடையாது! 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியும்தான். இது எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தக் கொடுமை புதியதுமல்ல. இலங்கைத் தோட்டங்களுக்குத் தமிழனை அழைத்துச் சென்ற கங்காணி, முன்பணம் என்ற பெயரால் முதலிலே அவனைக் கடன்காரனாக்கினான், பிறகுதான் கூலியாக்கினான். அந்தக் கடனைக் குறித்த 'துண்டு' என்னும் சீட்டு, தோட்டம் விட்டுத் தோட்டம் மாறினாலும் அவனைத் தொடர்ந்தது. 1921-இல் துண்டு முறை ஒழிந்தது. கடன் ஒழிந்ததா? கங்காணி கால்சட்டை மாட்டிக்கொண்டு குளுகுளு அறையிலே அமர்ந்திருக்கிறான், அவ்வளவே வேற்றுமை! கடனோடு போனவன், பேசிய சம்பளத்தில் பாதியைக் கொடுத்தாலும் வாய் திறக்க மாட்டான். திரும்பி வரவும் துணிய மாட்டான். வட்டி அங்கே ஊரிலே வளர்ந்துகொண்டிருக்கிறதே!

"சுற்றுலா விசாவிலே போ, அங்கே மாற்றித் தருவார்கள்" என்பவனை வாசலோடு அனுப்புங்கள். அந்த விசாவில் வேலை செய்பவன் அந்நாட்டுச் சட்டப்படி குற்றவாளி. சம்பளம் தராத முதலாளி மீது புகார் கொடுக்கப் போனால், முதலில் பிடிபடுபவன் இவனே. தாய்லாந்திலே கணிப்பொறி வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள், 2022-இல் மியான்மரின் மியாவாடியில் மோசடிக் கூடங்களிலே அடைபட்டுக் கிடந்ததை நாடு மறக்கவில்லை.

பத்தாம் வகுப்புத் தேறாதவர், வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். வீண் தொல்லை என்று இதைச் சுற்றிக்கொண்டு போகச் சொல்வான் ஏஜெண்டு. அந்த அனுமதியோடுதான் எழுத்து மூலமான ஒப்பந்தமும் 10 இலட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் வருகின்றன என்பதைச் சொல்ல மாட்டான். ஏஜெண்டின் பதிவு எண் மெய்யா, பொய்யா என்பதை அரசின் 'இ-மைக்ரேட்' இணையதளத்திலே பார்த்துக்கொள்ளலாம், காசு செலவில்லை.

1978-இலேயே தமிழக அரசு, அயல்நாட்டு வேலைவாய்ப்புக்கென்று தனி நிறுவனம் கண்டது. அதன் அறிவிப்புகள் ஊராட்சி மன்றச் சுவர்தோறும் ஒட்டப்பட வேண்டும் என்று கேட்கிறோம். கிளைக் கழகத் தோழர்களுக்கும் ஒரு வேலை உண்டு. ஒப்பந்தம் ஆங்கிலத்திலோ அரபியிலோ இருக்கும். படிப்பகத்துக்கு அதைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, வேலை எத்தனை மணி நேரம், சாப்பாடும் திரும்பும் டிக்கெட்டும் யார் பொறுப்பு என்று வரி வரியாக விளக்கச் செய்து, நகல் ஒன்றை வீட்டிலே கொடுத்துவிட்டுப் புறப்படச் சொல்லுங்கள்.