வைத்தியசாலையின் முதல் மருந்து

வைத்தியசாலை என்றவுடன் வைத்தியரும் தாதியருமே நம் நினைவுக்கு வருவர். ஆயின் பிணியாளர் முதலிற் காண்பது அவர்களை அன்று. வாயிலருகே அமர்ந்து பெயர் பதிந்து சீட்டு எழுதித் தரும் ஊழியரையே. அவ்வூழியர்தம் பணியின் தன்மையை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

திருச்சுழியை அடுத்த நரிக்குடிப் பக்கம் வானம் பார்த்த பூமி. அங்கிருந்து ஒரு மூதாட்டி மதுரையிலுள்ள பெரிய வைத்தியசாலை ஒன்றிற்கு வருவதாகக் கொள்வோம். ஒரு நாட் கூலியை இழந்து, பேருந்துக் கட்டணமும் கொடுத்து வந்தவள், எழுத்தறியாள், எவ்வரிசையில் நிற்பது என்றும் அறியாள். சாளரத்தின் உள்ளிருப்பவர் கடிந்துரைப்பின், அவள் வைத்தியரைக் காணாமலே ஊர் திரும்புதலுங் கூடும். பின்னர் எத்துணைச் சிறந்த மருந்து உள்ளே இருந்தும் அவளுக்குப் பயன் என்னை?

மேனாட்டிலும் இவ்வுண்மை மெல்ல மெல்லவே உணரப்பட்டது. 1895ஆம் ஆண்டில் இலண்டன் ராயல் பிரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் என்னும் அம்மையார் மூன்று மாத காலத்துக்குச் சோதனையாக நியமனம் பெற்றார். பொருளுடையோர் இலவச சிகிச்சை பெறாவண்ணம் தடுத்தலே அவருக்கு இட்ட முதன்மையான வேலை. நோயாளரை வினவி அவர்தம் நிலையை அறியுந்தோறும், தடுக்கத்தக்கோரினும் உதவத்தக்கோரே மிகுதி என்பது புலனாயிற்று. காவலாகத் தொடங்கிய அப்பதவி துணையாக மாறியது. இக்காலத்து மருத்துவ சமூகப் பணிக்கு அதுவே ஒரு வித்தாகும்.

நம் நாட்டில் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை தக்கதோர் சான்று. டாக்டர் கோவிந்தப்ப வேங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் அதனைத் தொடங்கினார். சிகிச்சை இலவசமாயினும், வழிச்செலவும் உணவுச்செலவும் அச்சமும் ஏழையரைத் தடுத்தல் கண்டு, முகாம்களிலிருந்து அவர்களை வண்டியில் அழைத்து வந்து உணவும் அளித்தனர். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்து பயிற்றி, பார்வையைச் சோதித்தல் முதலிய பணிகளில் அமர்த்தினர். அவருட் சிலர் சத்திரசிகிச்சையைப் பற்றி நோயாளருக்கு விளக்கி, அவர்தம் அச்சம் போக்குகின்றனர். தம் ஊர்ப் பேச்சைக் கேட்ட அளவிலே நோயாளர் மனந்தேறுவர் அன்றோ?

ஆதலின், வாயிலிருப்பார் கடமை மூன்றெனலாம்: செவிசாய்த்தல், வழிகாட்டல், நோயாளர் கூறியதைப் பிறர்பால் வெளியிடாமை. கூட்டம் மிகுந்த சாளரத்தில் இவை எளியன அல்ல. போதிய ஆட்களும் அமர இடமும் நல்குதல் நிர்வாகத்தார் பொறுப்பு. எனினும் "அம்மா, இங்கே உட்காருங்கள்" என்னும் ஒரு சொல்லுக்குப் பொருட்செலவில்லை. நம் மாணவருட் பலர் நாளை இத்தகைய சாளரங்களின் உட்புறம் அமர்வர். வெளியே நிற்பார் எத்துணைத் தொலைவு கடந்து வந்தார் என்பதை அன்று நினைவிற் கொள்வாராக.