வாசலில் சருகைக் கொளுத்தலாமா? விதி என்ன, புகை என்ன செய்யும்?

காலை ஆறரை மணி. புதுச்சேரி சாரத்தில், காமராஜர் சாலையிலிருந்து உள்ளே போகும் ஏதோ ஒரு குறுக்குத் தெரு. வாசல் தெளித்துக் கோலம் போட்டாச்சு. வேப்ப மரமும் வாதாம் மரமும் ராத்திரி முழுக்கக் கொட்டிய சருகு ஓரமாகக் குவிந்து கிடக்கிறது. கூடவே காய்ந்த தென்னை ஓலை, ஒரு பால் பாக்கெட், நேற்று வந்த பார்சல் கவர். குப்பை வண்டி வரும்தான். ஆனால் மூட்டை மூட்டையாகச் சருகு கொடுத்தால் வாங்குவார்களா என்பது சந்தேகம். ஒரு தீக்குச்சி உரசினால் கால் மணி நேரத்தில் வாசல் சுத்தம்.

அந்தக் கால் மணி நேரமும் பக்கத்து வீட்டில் ஆஸ்துமாவோடு இருக்கும் பாட்டி, எதிர்வீட்டுத் தொட்டில் குழந்தை, ஸ்கூல் வேனுக்காக நிற்கும் பிள்ளைகள் எல்லோரும் அந்தப் புகைக்குள்தான் இருக்கிறார்கள். கேட்டால் வரும் பதில் ஒன்றுதான்: "இலையத்தானே எரிக்கிறேன், பிளாஸ்டிக்கையா எரிக்கிறேன்?"

இலையை எரிப்பது தப்பா? அந்தப் புகை உண்மையிலேயே கெடுதலா? எரிக்காமல் வேறு என்னதான் செய்வது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விதி என்ன சொல்கிறது?

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2016 ஏப்ரலில் வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகளில் 4-வது விதி நேராக வீட்டுக்காரர்களைப் பற்றியதாக இருந்தது. குப்பையைத் தெருவிலோ பொது இடத்திலோ வீசக் கூடாது, எரிக்கக் கூடாது, புதைக்கவும் கூடாது. வாய்க்காலிலும் நீர்நிலையிலும் கொட்டக் கூடாது. தோட்டக் கழிவைப் பற்றித் தனியாகவே ஒரு வரி இருந்தது. வீட்டில் சேரும் இலை, கிளைகளை வீட்டுக்குள்ளேயே தனியாகச் சேர்த்து வைத்து, உள்ளாட்சி அமைப்பு சொல்கிறபடி அப்புறப்படுத்த வேண்டும்.

இதற்கு அடுத்து வந்ததுதான் அபராதம். 2016 டிசம்பர் 22-ல் அல்மித்ரா படேல் வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், திறந்தவெளியில் குப்பை எரிப்பதை நாடு முழுவதும் தடை செய்தது. சாதாரணமாக எரித்தால் ரூ.5,000, பெரிய அளவில் மொத்தமாக எரித்தால் ரூ.25,000 சுற்றுச்சூழல் இழப்பீடு கட்ட வேண்டும் என்றது.

இவை தவிர, பாரதிய நியாய சன்ஹிதாவின் 280-வது பிரிவும் உண்டு. அக்கம்பக்கத்தில் வசிப்பவர்களின் உடல்நலத்துக்குக் கேடு வரும் அளவுக்குக் காற்றை வேண்டுமென்றே கெடுத்தால் ரூ.1,000 வரை அபராதம் விதிக்கலாம்.

"என் காம்பவுண்டுக்குள்ளதானே எரிக்கிறேன்?"

நிறைய பேருக்கு வரும் சந்தேகம் இது. 2016 விதியின் வாசகத்தைப் பார்த்தால் 'தன் வளாகத்துக்கு வெளியே உள்ள தெரு, பொது இடம்' என்றுதான் இருந்தது. அப்படியானால் வீட்டுக் கொல்லையில் எரிக்கலாம் என்று சிலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவு தெரு, கொல்லை என்று பிரிக்கவில்லை. திறந்த நிலத்தில் குப்பையை எரிப்பதையே முழுமையாகத் தடுக்கிறது. 280-வது பிரிவும் நெருப்பு எங்கே இருந்தது என்று கேட்பதில்லை. காற்று கெட்டதா என்றுதான் கேட்கிறது. சாரம் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள இடத்தில் கொல்லையில் போடும் தீ, பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நாலு அடி தள்ளித்தான் இருக்கும்.

நகராட்சி ஆட்களே எரித்தால்?

அதற்கும் அனுமதி கிடையாது. தெருவில் கூட்டிய இலைகளை எரிக்கக் கூடாது, தனியாகச் சேர்த்து ஒப்படைக்க வேண்டும் என்று தூய்மைப் பணியாளர்களுக்கு அறிவுறுத்துவது உள்ளாட்சி அமைப்பின் கடமை என்று அதே 2016 விதிகள் கூறின. பூங்கா, தோட்டக் கழிவைத் தனியாகச் சேகரித்து, முடிந்தவரை அந்தந்தப் பூங்காவிலேயே உரமாக்க வேண்டும் என்பதும் அந்த விதியில் இருந்தது.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூட்டியதை அள்ளிப்போக வண்டியும் இல்லை, கொட்ட இடமும் இல்லை என்றால் அந்தப் பணியாளருக்கும் தீக்குச்சிதான் வழி. குவியலுக்குப் பக்கத்தில் குனிந்து நின்று அதிகமான புகையை உள்ளே இழுப்பவரும் அவர்தான். அவரைத் திட்டி வீடியோ எடுத்துப் போடுவதால் தீ அணையாது. வண்டி ஏற்பாடு செய்ய வேண்டியவர்களிடம் கேட்டால்தான் அணையும்.

இலைப் புகையில் அப்படி என்ன இருக்கு?

இலை இயற்கையானதுதான். அதன் புகை அப்படியில்லை. சருகுக் குவியல் கொழுந்துவிட்டு எரிவதைவிட, உள்ளே காற்று போகாமல் புகைந்துகொண்டே இருக்கும் நேரம்தான் அதிகம். காலைப் பனியில் நனைந்த இலையாக இருந்தால் கேட்கவே வேண்டாம். இப்படி அரைகுறையாக எரியும்போதுதான் கெடுதலான பொருட்கள் அதிகம் கிளம்புகின்றன.

முதலாவது பிஎம் 2.5 என்கிற நுண்துகள். 2.5 மைக்ரானுக்கும் குறைந்த அளவு, அதாவது தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும். மூக்கிலும் தொண்டையிலும் நிற்காமல் நுரையீரலின் அடிவரை போகும். மிக நுண்ணியவை ரத்தத்திலும் கலக்கும். அடுத்தது கார்பன் மோனாக்சைடு. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுடன் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும் வாயு இது. கண் எரிவதற்கும் தொண்டை கரகரப்பதற்கும் ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்றவை காரணம். சிகரெட் புகையில் இருக்கும் பென்சோபைரீன் என்ற புற்றுநோய்க் காரணி இலைப் புகையிலும் உண்டு. வெளிப்புறக் காற்று மாசையும் அதிலுள்ள நுண்துகளையும் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2013-ல் சேர்த்தது.

இத்தனையும் வெறும் இலைக்கு மட்டும். ஆனால் நிஜத்தில் எந்தத் தெருக் குவியலும் வெறும் இலையாக இருப்பதில்லை. அதில் பிவிசி துண்டோ வயரோ மாட்டினால் டையாக்சின் உருவாகும். உடம்புக்குள் போன டையாக்சின் பாதியாகக் குறையவே 7 முதல் 11 ஆண்டுகள் ஆகும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

யாருக்கு ஆபத்து அதிகம்? ஆஸ்துமா, நாள்பட்ட நுரையீரல் நோய், இதய நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், முதியவர்கள். குழந்தைகள் தங்கள் எடைக்குப் பெரியவர்களைவிட அதிகக் காற்றைச் சுவாசிப்பதால் அவர்களுக்கும் ஆபத்து அதிகம். கைக்குட்டையோ துணி மாஸ்க்கோ இந்த நுண்துகளைத் தடுக்காது.

"ஏக்யூஐ பச்சையாத்தானே காட்டுது?"

புதுச்சேரி கடற்கரை ஊர். கடல்காற்று மாசைக் கலைத்துவிடுவதால் போனில் காற்றுத் தரக் குறியீடு பல நாள் பச்சையாகத்தான் இருக்கும். ஆனால் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் புதுச்சேரிக்கு வரும் எண் ஜவஹர் நகரில் உள்ள தானியங்கிக் கண்காணிப்பு நிலையத்தின் அளவீடு. உங்கள் தெருவில் எரியும் குவியல் அந்தக் கருவிக்குத் தெரியாது. அதோடு, குறியீடு 24 மணி நேரச் சராசரியை வைத்துக் கணக்கிடப்படுகிறது. உங்கள் ஜன்னலுக்குள் வருவதோ அந்தக் கால் மணி நேரப் புகை.

எந்த நேரத்தில் எரிக்கிறோம் என்பதும் முக்கியம். கடல்காற்று பலமாக வீசத் தொடங்குவது வெயில் ஏறிய பிறகுதான். விடிகாலையில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து அசையாமல் நிற்கும். மார்கழி, தை மாதங்களில் இது இன்னும் அதிகம். புகை மேலே போக முடியாமல் தெருவிலேயே படுத்துக்கிடக்கும். நாம் சருகு கொளுத்துவது சரியாக அந்த நேரத்தில்தான்.

சின்னச் சின்னத் தீ எல்லாம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2018 போகி ஒரு உதாரணம். அன்று காலை புகையும் பனியும் சேர்ந்து ஓடுபாதை தெரியாமல் போனதால் சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தாமதமாயின, சில வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. ஒவ்வொரு வீட்டிலும் எரிந்தது பழைய பாயும் துணியும்தான்.

பிரான்ஸில் எப்படி?

புதுச்சேரிக்குப் பழக்கமான நாடு என்பதால் இதையும் பார்க்கலாம். பிரான்ஸில் புல், இலை, கிளை போன்ற தோட்டக் கழிவை வீட்டிலேயே எரிக்கவும் தடை உண்டு. 2020-ல் வந்த சட்டம் அதைச் சுற்றுச்சூழல் சட்டத் தொகுப்பிலேயே சேர்த்தது. 50 கிலோ தோட்டக் கழிவை எரித்தால் வரும் நுண்துகள், ஒரு புது டீசல் கார் சுமார் 13,000 கி.மீ. ஓடினால் வருவதற்குச் சமம் என்பது அந்த நாட்டு அரசு மக்களுக்குச் சொல்லும் கணக்கு. அங்கே தடையோடு இன்னொன்றும் உண்டு. தோட்டக் கழிவைக் கொண்டுபோய்க் கொடுக்க ஊருக்கு ஊர் சேகரிப்பு மையங்கள் இருக்கின்றன.

"புகை போட்டா கொசு ஓடுமே?"

ஓடும், கொஞ்ச நேரத்துக்கு. புகை அடங்கியதும் திரும்பி வரும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. அதன் முட்டையும் புழுவும் தேங்கிய நல்ல தண்ணீரில் இருக்கின்றன. புகை அங்கே போகாது. தொட்டி, பூந்தொட்டித் தட்டு, பழைய டயர் ஆகியவற்றில் நிற்கும் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டுவதுதான் பலன் தரும். வேப்பிலையானாலும் நொச்சியானாலும் அதன் புகையிலும் நுண்துகள் உண்டு.

அப்போ சருகை என்ன செய்வது?

கலப்புக் குப்பையில் திணித்து அனுப்புவதும் தீர்வாகாது. அது போய்ச் சேரும் இடம் குரும்பாபேட் கிடங்கு. அடியில் அமுங்கிக் காற்றில்லாமல் அழுகும் இலையிலிருந்து மீத்தேன் வரும். குப்பைக் கிடங்குகள் வெயில் காலத்தில் தீப்பிடிப்பதற்கு மீத்தேனும் ஒரு காரணம். செய்யக்கூடியவை இவை:

• மூடாக்கு: செடி, மரத்தைச் சுற்றி இரண்டு மூன்று அங்குலத்துக்குச் சருகைப் பரப்பிவிடலாம். ஈரம் காயாது, களை குறையும். மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் சருகைத் தேடி வாங்குகிறார்கள். தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு மெசேஜ் போட்டுப் பாருங்கள்.

• உரம்: ஓட்டை போட்ட டிரம் அல்லது கம்பிவலைக் கூண்டு போதும். மூன்று பங்கு சருகு, ஒரு பங்கு சமையலறைக் கழிவு என்று அடுக்குங்கள். நடுவில் சாணிக் கரைசலோ புளித்த மோரோ தெளியுங்கள். கையில் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. வாரம் ஒருமுறை கிளறினால் இரண்டு மூன்று மாதத்தில் உரம் தயார். மேலே எப்போதும் சருகு மூடியிருந்தால் நாற்றமும் ஈயும் இருக்காது. வாதாம் இலை தடிமன் என்பதால் நொறுக்கிப் போட வேண்டும்.

• தென்னை மட்டை, கிளைகள்: சீக்கிரம் மக்காது. தனியாகக் கட்டி வைத்துக் கொடுக்க வேண்டும். ஓலையின் ஈர்க்கு விளக்குமாறுக்கு ஆகும்.

யாரிடம் சொல்வது?

மற்ற ஊர்களில் முதலில் வார்டு கவுன்சிலரிடம் போவார்கள். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் கடைசியாக நடந்தது 2006-ல். அப்போது தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்ததும் கவுன்சிலர்கள் இல்லாமல் போனார்கள். அதனால் சாரத்துக்காரர்கள் உழவர்கரை நகராட்சி ஆணையரிடம்தான் கேட்க வேண்டும். காற்று மாசு பற்றிய புகாரைப் புதுச்சேரி மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்துக்கும் எழுதலாம். ஸ்வச்சதா ஆப்பில் போட்டோவோடு பதிவு செய்யலாம். தீ பரவினால் உடனே 101 அல்லது 112.

புகார் எழுதும்போது 'எரிக்கிறார்கள், அபராதம் போடுங்கள்' என்பதோடு நிறுத்த வேண்டாம். 'எங்கள் தெருவில் சருகு எடுக்க வாரத்தில் எந்த நாள் வண்டி வரும்?' என்றும் கேளுங்கள். தனியாகச் சேர்த்து வைக்க வேண்டியது வீட்டுக்காரரின் கடமை. அதை எப்படி அப்புறப்படுத்துவது என்று வழி காட்ட வேண்டியது நகராட்சியின் கடமை. 2016 விதியில் இரண்டுமே இருந்தன. அந்த வண்டி வரும் நாள் தெரிந்துவிட்டால், பக்கத்து வீட்டுப் பாட்டி காலையில் ஜன்னலைத் திறந்து வைக்கலாம்.