புள்ளி அழியாமல் படமெடுப்போம்: பழைய கிதாபுகளும் ஒளிப்படத் திருத்தமும்

நம்மட வீட்டு அலுமாரிகளில் கிடக்கும் பழைய கிதாபுகள், கடிதங்கள், மூத்தவர்களின் ஸ்டூடியோப் படங்கள் முதலியவற்றைக் கையடக்கத் தொலைபேசியில் படமெடுத்து வைக்கும் பழக்கம் இப்போது பரவி வருகிறது. நல்ல காரியம். ஈரமும் பூச்சியும் தின்று முடிப்பதற்கு முந்தி எடுத்து வைக்கத்தான் வேண்டும். ஆனால் எடுத்த படத்தைப் ‘பளிச்’ என்று ஆக்கப் போய், அதிலுள்ள எழுத்தையே கழுவிவிடுகிற வேலையும் கூடவே நடக்கிறது.

அரபுத்தமிழ்க் கிதாபுகளில் இதன் பாதிப்பு பெரிது. அரபு எழுத்துகளில் பே, தே, ஸே மூன்றுக்கும் உடல் ஒன்றுதான். அவற்றைப் பிரித்துக் காட்டுபவை புள்ளிகள். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்காக நம் முன்னோர் மேலதிகப் புள்ளிகளையும் குறிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு புள்ளி போனால் சொல் மாறும். சில வேளை மஸ்அலாவே மாறிப்போகும். ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமல் எழுதிய வழக்கத்தால் பதிப்பாசிரியர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். கிதாபுகளில் புள்ளி இருக்கிறது. அதைப் படத்தில் தொலைக்காமல் இருப்பது நம் கையில்.

0 முதல் 255 வரை

நாம் சாதாரணமாகச் சேமிக்கும் ஜேபெக் படத்தில் வெளிச்சம் 0 முதல் 255 வரையான எண்களாகப் பதிகிறது. 0 முழுக் கறுப்பு, 255 முழு வெள்ளை. பழுத்த தாளின் நிறம் 200 என்றும், மங்கிய மையின் நிறம் 185 என்றும் வைத்துக்கொள்வோம். தாள் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்று, ‘லெவல்ஸ்’ கருவியில் வெள்ளை எல்லையை 180 வரை இழுக்கிறோம். 180க்கு மேலுள்ளவை எல்லாம் 255 ஆகிவிடும். தாளும் 255, மையும் 255. எழுத்து போய்விட்டது. அப்படியே சேமித்துவிட்டால் பிறகு எவ்வளவு இருட்டாக்கினாலும் வராது. இரண்டும் ஒரே சாம்பலாகத்தான் மாறும்.

நிழல் பக்கமும் இதே கணக்குத்தான். புத்தகத்தின் நடுமடிப்பில் தாள் 20, மை 12 என்று இருந்தால், கறுப்பு எல்லையை 25க்கு உயர்த்தியதும் இரண்டும் 0 ஆகிவிடும். திருத்தம் என்பது படத்தில் உள்ள விபரத்தைப் பங்கிட்டுக் கொடுப்பது மட்டுமே. இல்லாததை அது உண்டாக்காது.

எடுக்கும்போதே கவனிக்க வேண்டியவை

கமராவிலும் மென்பொருளிலும் ‘ஹிஸ்டோகிராம்’ என்றொரு வரைபு உண்டு. இடப்பக்கம் இருள், வலப்பக்கம் வெளிச்சம். வரைபு வலது சுவரில் போய் முட்டி நின்றால் வெளிச்சப் பகுதி வெட்டுப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். சுவருக்குக் கிட்டப் போகலாம், முட்டக்கூடாது. தொலைபேசியாக இருந்தால் திரையில் தாளின் மேல் தொட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுக்கலாம்.

அதற்காக மிகவும் இருட்டாக எடுத்துவிட்டுப் பிறகு தூக்கலாம் என்றும் நினைக்கக்கூடாது. 12 பிட் ‘ரோ’ கோப்பில் 4096 படிகள் உண்டு. அதில் மிக வெளிச்சமான பகுதி மட்டும் 2048 படிகளை எடுத்துக்கொள்ளும். ஒளி பாதியாகும் ஒவ்வொரு முறையும் 1024, 512, 256 என்று குறைந்துகொண்டே போகும். இருளுக்குக் கிடைப்பது சொற்பம். அதை வலிந்து தூக்கினால் மணல் தூவியது போலப் பொரிப்பொரியாகத் தெரியும். புள்ளி எது, பொரி எது என்று பிரித்தறிய முடியாது. ஆனாலும் ஜேபெக்கை விட ‘ரோ’வில் மீட்கும் வாய்ப்பு அதிகம். தொலைபேசியில் அந்த வசதி இருந்தால் பயன்படுத்துங்கள்.

பிளாஷ் வேண்டாம். ஸ்டூடியோப் படங்களின் பளபளப்பில் அது வெள்ளைத் திட்டாக விழும். அந்த இடத்தில் முகமே இருக்காது. யன்னலோரம் வைத்து, எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைத் துணியையோ அட்டையையோ பிடித்தால் நடுமடிப்பு நிழல் தானாகக் குறையும்.

திருத்தும்போது

முதலில் மூலப்படத்தின் பிரதி ஒன்றை எடுத்துக்கொண்டு அதில் மட்டும் வேலை செய்யுங்கள். தொலைபேசியில் ‘ஸ்னாப்சீட்’, கணினியில் இலவசமான ‘கிம்ப்’ போதும். இரண்டிலும் ‘ஹைலைட்ஸ்’, ‘ஷெடோஸ்’ என்ற கருவிகள் இருக்கின்றன. முழுப்படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்காமல், ஹைலைட்ஸைச் சற்றுக் குறைத்து, ஷெடோஸைச் சற்று உயர்த்துங்கள். துருக்கித் தொப்பி போட்ட பாட்டனாரின் கறுப்பு வெள்ளைப் படத்தில் தொப்பியின் குஞ்சம் பின்னணி இருட்டோடு கலந்து கிடக்கும். ஷெடோஸை மெதுவாக உயர்த்தும்போது அது பிரிந்து தெரியும். அளவு மீறினால் ஓரங்களைச் சுற்றி வெள்ளை வளையம் விழும். அங்கே நிறுத்திக் கொஞ்சம் பின்வாங்குங்கள்.

எழுத்து இன்னும் தெளிவாக வேண்டுமானால் ‘கேர்வ்ஸ்’ கருவியில் இரு முனைகளையும் அசைக்காமல் நடுப்பகுதியை மட்டும் வளைக்கலாம். தாள் மஞ்சளாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அந்த மஞ்சளுக்குள்தான் ஓரத்தில் பென்சிலால் எழுதிய குறிப்பும் மங்கிய சிவப்பு மையும் ஒளிந்திருக்கின்றன.

ஸ்கேன் செயலிகளின் ‘கறுப்பு வெள்ளை’ முறை ஒவ்வொரு பிக்சலையும் கறுப்பா வெள்ளையா என்று இரண்டில் ஒன்றாக வெட்டிவிடும். ரசீதுக்கு அது போதும். கல்லச்சுக் கிதாபின் மெல்லிய கோடுகளுக்கு ஆகாது.

சேமிக்கும்போது

ஜேபெக்கைத் திருத்தித் திருத்தி மீண்டும் சேமிக்கும் ஒவ்வொரு முறையும் விபரம் கொஞ்சம் குறையும். திருத்திய பிரதியை ‘டிஃப்’ வடிவில் வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும். ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். மூலப்படத்தைத் தொடாமல் இரண்டு இடங்களில் பாதுகாத்து வையுங்கள்.

இன்று நமக்கு வாசிக்க முடியாத ஒரு வரியை நாளைக்கு ஓர் ஆய்வாளர் வாசிக்கக் கூடும். அதற்கு அந்தப் புள்ளி படத்தில் இருக்க வேண்டும். பகிர்வதற்கு அழகான பிரதி ஒன்று இருக்கட்டும். ஆராய்வதற்கு அழுக்கோடு உள்ள மூலப்பிரதியும் இருக்கட்டும்.