சக்கரமும் இடைத்தகடும்

திருவனந்தபுரத்திற்கு வடக்கே, தேசிய நெடுஞ்சாலை 66-இல் அமைந்துள்ளது கழக்கூட்டம். அருகில் 1990-இல் டெக்னோபார்க் நிறுவப்பட்ட பின்னர் அங்கு வாகனங்கள் பன்மடங்கு பெருகின. அவற்றுள் சில கார்களிலும் ஜீப்புகளிலும் சக்கரங்கள் வழக்கத்தைவிடச் சற்று வெளியே தள்ளி நிற்பதைக் காணலாம். அகன்ற தோற்றத்திற்காகவோ, பெரிய டயர் உட்புறம் உராயாமலிருக்கவோ, சக்கரத்திற்கும் அதன் குடத்திற்கும் இடையே ஓர் அலுமினியக் கலவைத் தட்டைப் பொருத்துகின்றனர். ஸ்பேசர் என வழங்கும் இதனை இடைத்தகடு எனலாம்.

மாட்டு வண்டியில் சக்கரம் அச்சின்மீது தளர்வாகச் சுழலுகிறது. கழன்று விழாமல் காப்பது கடையாணி. மோட்டார் வண்டியிலும் போல்ட்டுகளே அவ்வாறு சக்கரத்தைத் தாங்குகின்றன எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. நட்டை முறுக்குங்கால் போல்ட்டு மிகச் சிறிதளவு நீளுகிறது. நீண்டது மீண்டும் சுருங்க முயன்று, சக்கரத்தைக் குடத்தோடு இறுக அழுத்துகிறது. அவ்வழுத்தத்தால் எழும் உராய்வே பாரத்தையும் பிரேக்கின் விசையையும் ஏற்கிறது. உராய்வு குறையின் சக்கரம் இம்மியளவு வழுக்கும், நட்டு தளரும், போல்ட்டு வளைந்து வளைந்து இறுதியில் ஒடியும். துளை சற்றுப் பெரிதாக உள்ள இரு மரச்சட்டங்களை ஒரே போல்ட்டால் இறுக்கியும் தளர்த்தியும் இழுத்துக் காட்டினால் மாணவர் இதனை எளிதில் உணர்வர்.

இடைத்தகடு புகுந்தவுடன், ஒன்றாயிருந்த உராய்வுப் பரப்பு இரண்டாகிறது. கடற்காற்றும் இரு பருவமழைகளும் உள்ள கழக்கூட்டம் போன்ற இடத்தில், இரும்பும் அலுமினியமும் ஈரத்துடன் சேருமிடத்து அரிப்பு விரைவில் தோன்றும். ஆகவே குடத்தின் முகத்தைக் கம்பித் தூரிகையால் துருவின்றித் தேய்த்தல் வேண்டும். தொடும் பரப்புகளில் வண்ணமோ கிரீசோ இருத்தலாகாது.

மெல்லிய தகடு வண்டியின் பழைய போல்ட்டுகளையே பயன்படுத்துவது. தகட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவு மரை நட்டிற்குக் கிடைக்காமற் போகிறது. போல்ட்டின் விட்டமளவு நீளமேனும் நட்டு மரையில் ஏறவேண்டுமென்பது பொது விதி: 12 மி.மீ. போல்ட்டில் மரையிடை 1.5 மி.மீ. எனில் எட்டு முழுச் சுற்றுகள். இதற்குக் குறையின் அத்தகடு ஆகாது. தடித்த தகட்டிற்குத் தனிப் போல்ட்டுகள் உண்டு. அதன் நடுத்துளை குடத்தின் மையத்தில் இடைவெளியின்றிப் பொருந்த வேண்டும். போல்ட்டுத் துளைகளின் வட்டமும் ஒத்திருக்க வேண்டும். பழைய ஜீப்பிலும் மாருதி ஜிப்சியிலும் இவ்வட்டம் 139.7 மி.மீ., அதாவது ஐந்தரை அங்குலம். (மிகப் பழைய ஜீப்புகளில் இடப்புறச் சக்கரங்களுக்கு இடஞ்சுழி மரை, இதை அறியாதார் தளர்த்துவதாக எண்ணி இறுக்குவர்.) ஒன்றன்மேல் ஒன்றாக இரு தகடுகளைச் செருகுதல் அறவே தகாது.

பாரத்தையும் கருதுக. ஒரு சக்கரத்தின்மேல் 400 கிலோ இருப்பின், 30 மி.மீ. தகடு பேரிங்கின்மீது 12 கிலோகிராம்-மீட்டர் வளைவிசையைக் கூடுதலாக ஏற்றுகிறது. குழிகளில் இது பல மடங்காகும்.

சட்டமும் குறுக்கிடுகிறது. உற்பத்தியாளர் குறித்த விவரங்களினின்றும் பதிவுச் சான்றின் விவரங்கள் வேறுபடுமாறு வண்டியை மாற்றுதலை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதனை வலியுறுத்தியது. அவ்வாண்டின் திருத்தச் சட்டப்படி, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். எனவே தகட்டை வாங்குமுன் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிதல் நன்று. அலுவலக ஜீப்பிற்கு இது தேவையே இல்லை என்பது எமது கருத்து.

பொருத்துவோர் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஜாக்கியை மட்டும் நம்பாமல் தாங்கியும் வைத்து, நட்டுகளை முதலில் கையாலும் பின்னர் எதிரெதிர் வரிசையிலும் இறுக்க வேண்டும். இறுதி முறுக்கு, வண்டியின் கையேட்டிலும் தகட்டின் குறிப்பிலும் கண்ட அளவே. அதற்கு அளவு காட்டும் ஸ்பானர் தேவை. ஏறக்குறைய 80 கிலோமீட்டர் ஓடியபின் மீண்டும் சோதிக்க வேண்டும். தடித்த தகட்டைக் குடத்தோடு பிணைக்கும் உள் நட்டுகள் சக்கரத்தின் பின்னே மறைந்துள்ளன. சக்கரத்தைக் கழற்றாமல் வெளி நட்டுகளை மட்டும் இறுக்கித் திரும்புவோரே மிகுதி.