பாசிட்டிவுக்குப் பக்கத்தில் ஓர் எண்

லேப் ரிப்போர்ட் இப்போதெல்லாம் வாட்ஸ்அப்பிலேயே வந்துவிடுகிறது. ‘ஹெச்எஸ்வி-2 ஐஜிஜி: 1.8’ என்று ஒரு வரி, அதன் பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘பாசிட்டிவ்’. ஆணுறை இல்லாத ஓர் உறவுக்குப் பிறகு தூக்கம் தொலைத்து ரத்தம் கொடுத்தவருக்கு அந்தத் தடித்த எழுத்தைத் தாண்டிக் கண் போகாது. பார்க்க வேண்டியது என்னவோ அந்த 1.8-ஐத்தான். அது ரத்தத்தில் இருக்கும் வைரஸின் அளவு அல்ல. அந்தச் சோதனை வைரஸைத் தேடவே இல்லை.

தேடினாலும் பெரும்பாலும் கிடைக்காது. ஹெச்எஸ்வி எனப்படும் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் ரத்தத்தில் குடியிருக்கும் வைரஸ் அல்ல. தோலிலோ ஈரச்சவ்விலோ நுழைந்து, அங்குள்ள நரம்பு நுனியைப் பிடித்து ஏறிவிடும். பிறப்புறுப்பில் தொற்றினால் முதுகெலும்பின் அடிப்பகுதியிலும், வாயில் தொற்றினால் மண்டையோட்டின் அடியிலும் உள்ள நரம்பு முடிச்சுகளில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஆயுள் முழுக்க அங்கேதான். ரத்தத்தில் நம் கைக்குச் சிக்குவது, அதைச் சந்தித்த உடம்பு செய்துவைத்த ஆன்டிபாடி மட்டுமே.

அதைப் பிடிக்கும் விதம் அழகானது. உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டில் 96 சிறு குழிகள். குழியின் அடியில் வைரஸின் புரதம் ஒன்றைப் பூசி வைத்திருப்பார்கள். ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை அதில் விட்டால், அந்தப் புரதத்துக்குப் பொருந்தும் ஆன்டிபாடி ஒட்டிக்கொள்ளும். மற்றவை கழுவும்போது போய்விடும். அடுத்து, மனித ஆன்டிபாடியைக் கண்டால் ஒட்டும் இன்னோர் ஆன்டிபாடியை, ஒரு நொதியைக் கட்டி அனுப்புகிறார்கள். கடைசியில் ஊற்றும் நிறமற்ற திரவத்துக்கு அந்த நொதி நிறமேற்றுகிறது. நிறத்தின் அடர்த்தியைக் கருவி அளந்து, கிட்டுடன் வரும் எல்லை மாதிரியின் அளவால் வகுக்கிறது. அந்த ஈவுதான் 1.8. பரவலாகப் புழங்கும் கிட்டுகளில் 0.9-க்குக் கீழே நெகட்டிவ், 1.1-க்கு மேலே பாசிட்டிவ், இடையில் இருந்தால் இரண்டுமில்லை.

எந்தப் புரதத்தைப் பூசுவது என்பதில்தான் சிக்கல். ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் இரண்டு வகை. முதல் வகை, நம் முன்னோர் சிம்பன்ஸியிடமிருந்து பிரிந்த காலத்திலிருந்தே, ஏறத்தாழ 60 லட்சம் ஆண்டுகளாக நம்மோடு வருகிறது. இரண்டாம் வகை சிம்பன்ஸியின் முன்னோரிடமிருந்து சுமார் 16 லட்சம் ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதைகள் மேல் தாவியது என்று 2014-இல் வெளியான மரபணு ஆய்வு கணக்கிட்டது. ஆக, இவை இரண்டும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். புரதங்களில் பெரும்பாலானவை ஒரே சாயல். ஒன்றுக்கு எதிராக உருவான ஆன்டிபாடி மற்றதிலும் ஒட்டிவிடும். உலகில் 50 வயதுக்கு உட்பட்டோரில் 64 சதவீதம் பேருக்கு முதல் வகை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பலருக்கும் சிறு வயதில் வீட்டாரின் முத்தத்தில் ஒட்டிக்கொண்டதுதான். அப்படியிருக்க, பொதுவான புரதத்தைப் பூசினால் பாதிக்கு மேற்பட்டோர் பாசிட்டிவ் ஆவார்கள். நல்ல வேளையாக, கிளைக்கோபுரோட்டீன் ஜி என்ற உறைப் புரதம் மட்டும் இரண்டிலும் நன்றாக வேறுபடுகிறது. வகை பிரித்துச் சொல்லும் சோதனை முழுக்க அந்த ஒரே வித்தியாசத்தில் நிற்கிறது.

அப்படி நிற்பதாலேயே தடுமாறவும் செய்கிறது. ஏதோ ஓர் ஆன்டிபாடி அரைகுறையாக ஒட்டினாலும் லேசாக நிறம் வரும்; எண் 1.1-ஐத் தாண்டிவிடும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021 வழிகாட்டுதல், எண் 3-க்குக் கீழே இருந்தால் வேறொரு முறையில் உறுதிசெய்யாமல் நம்பக் கூடாது என்கிறது. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம் உருவாக்கிய வெஸ்டர்ன் பிளாட் சோதனையைத்தான் இதில் உரைகல்லாகக் கொள்கிறார்கள்.

கணக்கும் கைவிரிக்கிறது. 1,000 பேரில் 20 பேருக்கு உண்மையில் தொற்று என்று வைத்துக்கொள்வோம். சோதனை 95 சதவீதம் சரி. அந்த 20-இல் 19 பேரைப் பிடித்துவிடும். மீதி 980-இல் 5 சதவீதம், அதாவது 49 பேருக்கும் பாசிட்டிவ் காட்டும். ரிப்போர்ட்டைப் பார்த்து அதிர்ந்த 68 பேரில் 49 பேருக்கு எதுவுமில்லை! அறிகுறி எதுவும் இல்லாதவர்களை எல்லாம் இழுத்துவந்து சோதிக்க வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்பு மருத்துவக் குழு 2016-இலும் 2023-இலும் சொன்னதற்கு இதுவே முக்கியக் காரணம்.

இனி காலக் கணக்கு. ஐஜிஜி ஆன்டிபாடி உருவாகச் சிலருக்கு இரண்டு மூன்று வாரம் போதும். சிலருக்கு 12 வாரமோ அதற்கு மேலோ ஆகும். உறவு நடந்த ஐந்தாம் நாள் வரும் நெகட்டிவ், அந்த உறவைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஐந்தாம் நாள் பாசிட்டிவ் என்றால்? அது உண்மையாகவே இருந்தாலும் அந்த உறவில் வந்ததாக இருக்க முடியாது, எப்போதோ வந்த பழைய தொற்று. துணையின் மேல் பழி போடுமுன் இதை யோசிப்பது நல்லது. முதலில் நெகட்டிவ், மூன்று மாதம் கழித்துத் தெளிவான பாசிட்டிவ் என்றால்தான் புதுத் தொற்று என்று சொல்ல இடமுண்டு.

சீக்கிரம் தெரிய வேண்டுமே என்று ஐஜிஎம் என்ற இன்னொரு வகை ஆன்டிபாடிக்கான சோதனையை எடுப்பவர்களும் உண்டு. கருச்சிதைவுக்குப் பிறகு நம்மூரில் எழுதித் தரும் ‘டார்ச்’ தொற்றுச் சோதனைப் பட்டியலிலும் அது இருக்கும். என்னைக் கேட்டால் அந்தக் காசு வீண். ஐஜிஎம் வகையைச் சரியாகப் பிரிப்பதில்லை. பழைய தொற்று மீண்டும் கிளம்பும்போதும் தலைகாட்டும். புதியதா பழையதா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

கொப்புளமோ புண்ணோ இருந்தால் ரத்தமே வேண்டாம். அது காய்ந்து பொருக்குத் தட்டுவதற்குள், முடிந்தால் முதல் இரண்டு நாளிலேயே, பஞ்சுக் குச்சியால் அந்த இடத்தைத் தேய்த்தெடுத்து பிசிஆர் செய்தால் வைரஸின் மரபணுவே சிக்கும். எந்த வகை என்பதோடு, ரத்தச் சோதனை ஒருபோதும் சொல்லாத இன்னொன்றும் தெரியும்: தொற்று உடம்பில் எந்த இடத்தில் என்பது. ஆறத் தொடங்கிய புண்ணில் எடுத்தால் நெகட்டிவ் வரலாம். அதை மட்டும் வைத்து ஹெர்பிஸ் இல்லை என்று முடிவு கட்ட முடியாது.