அமுக்குவானும் அரைத்தூக்கமும்

தோல் பதனிடும் தொழிலை நம்பித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாய்க்கு வந்து, சதுப்பு நிலமாகக் கிடந்த தாராவியில் குடியேறிய தமிழர்கள், தங்கள் குலதெய்வங்களோடு அமுக்குவான் பேயையும் கூடவே அழைத்து வந்துவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும். விடியற்காலையில் விழிப்புத் தட்டுகிறது. கூரையும் மின்விசிறியும் தெளிவாகத் தெரிகின்றன. ஆனால் கை கால் அசையவில்லை, கூவ எத்தனித்தால் குரல் எழவில்லை. வாசலண்டை யாரோ நிற்கிறார்கள், நெருங்குகிறார்கள், மார்பின் மேல் ஏறி உட்கார்ந்து மூச்சை அடைக்கிறார்கள். ஓரிரு நிமிஷத்தில், எவராவது தொட்டு உலுக்கினால் அதற்கும் முன்பே, எல்லாம் மறைந்துபோகிறது. இதைத் தாராவிக் கிழவி அமுக்குவான் என்பாள். மாதுங்காப் பாட்டி துர்ச்சொப்பனம் என்று விபூதி இட்டுவிடுவாள். செம்பூர் அடுக்குமாடியில் வசிக்கும் அவள் பேரனோ, தனக்குச் சித்தம் கலங்கத் தொடங்கிவிட்டதென்று அஞ்சி ஒருவரிடமும் சொல்லமாட்டான். மூவரிலும் மிகுந்த துன்பப்படுகிறவன் பேரன்தான் என்பது என் அபிப்பிராயம். பேய்க்காவது மந்திரிக்க ஆளுண்டு.

உறக்கத்தினிடையே மூடிய இமைகளுக்குள் கண்மணிகள் விரைந்து அசையும் கட்டம் ஒன்று உண்டென்று, சிகாகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆஸெரின்ஸ்கியும் கிளைட்மனும் 1953-ல் வெளியிட்டார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அக்கட்டத்தில்தான் நிகழ்கின்றன. கனவில் ஓடுகிறவன் மெய்யாகவே எழுந்து ஓடிவிடாதபடி, அச்சமயம் மூளைத்தண்டு தேகத்துத் தசைகளைக் கட்டிப்போடுகிறது; அந்தக் கட்டு அவிழுமுன் பிரக்ஞை திரும்பிவிட்டால், திறந்த கண்ணுக்கு உண்மையான அறையும் முடியாத கனவும் ஒருங்கே தோன்றுகின்றன. உதரவிதானம் தன் வேலையை நிறுத்துவதில்லையாதலால் மூச்சு நிற்பதில்லை. ஆயினும் விலாத் தசைகள் தளர்ந்திருக்கையில் ஆழ்ந்து சுவாசிக்க முயல்கிறவனுக்கு, அந்த இயலாமையே பாரமாகத் தெரிகிறது. பாரத்துக்கு ஓர் ஆள் வேண்டுமே. அந்த ஆளைப் பயம் சிருஷ்டித்துக் கொடுக்கிறது.

உறக்கம் வருகையில் தோன்றும் பிரமைகள் பொதுவாக இத்தனை கொடியவையல்ல. 1996-ல் வெளியான ஆராய்ச்சியொன்றில், பிரிட்டனில் விசாரிக்கப்பட்ட ஏறத்தாழ 5,000 பேரில் நூற்றுக்கு 37 பேர் அவற்றை அனுபவித்ததாகக் கூறினார்கள். டெட்ரிஸ் என்னும் கணினி விளையாட்டை ஆடியவர்களுக்கு, தூக்கம் கவிகையில் அதன் கட்டைகள் விழும் காட்சி தோன்றியதென்றும், ஆடியதையே மறந்துபோன ஞாபகமறதி நோயாளிகளுக்கும் அவ்வாறே தோன்றியதென்றும் 2000-ல் ஸ்டிக்கோல்டு என்னும் ஆராய்ச்சியாளரின் குழுவினர் கண்டார்கள். பகலெல்லாம் தோற்பை தைத்தவன் கண்ணை மூடியதும் தையல் ஓடுவதைக் கண்டால், அதில் பைத்தியத்தின் சாயல் ஏதுமில்லை.

மனத்துக்கும் அமுக்குவானுக்கும் சம்பந்தமே இல்லையா என்றால், உண்டு. 36,000 பேருக்கு மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த 2011-ஆம் வருஷத்துக் கட்டுரை, இந்தத் தேகக்கட்டு பொதுஜனங்களில் 7.6 சதவிகிதத்தினருக்கும், மனநோயாளிகளில் 31.9 சதவிகிதத்தினருக்கும் நேர்ந்திருப்பதாகச் சொல்கிறது; மாணவர்களுக்கோ 28.3! பரீட்சையும் பைத்தியமும் இத்தனை நெருங்கியவையா என்று சிரிக்கலாம். ஆனால் இரு சாராருக்கும் பொதுவானது கெட்ட தூக்கம்; அதுவே இதன் பெரிய வித்தென்று கருத இடமுண்டு. அமெரிக்காவில் தஞ்சம் புகுந்த கம்போடியர்களிடையே, தாய்நாட்டில் படுகொலைகளைக் கண்ட அதிர்ச்சி நீங்காதவர்களுக்கு இது அடிக்கடி நேர்வதையும், மாண்டவர்களின் ஆவி வந்து அழுத்துவதாக அவர்கள் கருதி நடுங்குவதையும் டெவன் ஹின்டன் என்னும் வைத்தியர் எழுதியிருக்கிறார். பயத்தால் தூக்கம் கெட, கெட்ட தூக்கத்தால் அமுக்குவான் மீண்டும் வர, வந்தவனால் பயம் பெருகுகிறது. 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் வகுப்புக் கலகத் தீயைக் கண்ட தாராவிக்கு இதைப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை.

மல்லாந்து படுப்பவர்களையே இது மிகுதியாகப் பிடிக்கிறதாதலால், ஒருக்களித்துப் படுப்பதும், வேளை தவறாமல் உறங்குவதும் நல்ல பரிகாரங்கள். ஓர் அறையில் அறுவர் நெருங்கிப் படுக்கும் வீட்டில் முன்னது தானே நிறைவேறிவிடுகிறது, உலுக்கி எழுப்பவும் பக்கத்தில் ஆள் இருக்கிறது. பின்னதுதான், இரவு ஷிப்டுக்குப் போய் வெயிலேறும் வேளையில் தகரக்கூரையின் கீழ் படுப்பவனுக்கு எளிதல்ல. தலையணைக்கடியில் இரும்புத்துண்டு வைப்பவர்களை நான் பரிகசிக்கமாட்டேன். அது தைரியம் தருமானால் இருக்கட்டும், பேய் உண்டென்ற நிச்சயத்தை வளர்த்துத் தூக்கத்தைக் கெடுக்குமானால் எடுத்துவிட வேண்டும். பகலிலும் அடக்கமுடியாத தூக்கம் வந்து, வாய்விட்டுச் சிரிக்கையில் முழங்கால் தளருமானால், அல்லது நன்றாக விழித்திருக்கும்போதே குரல்கள் கேட்குமானால், அது வேறு விஷயம். அப்படிப்பட்டவர்கள் தாராவியை அடுத்த சயான் ஆஸ்பத்திரிக்குத் தாமதமின்றிப் போவது உசிதம்.